தோல் லிம்போமாவில் யார் எங்கே நிற்கிறார்கள்?

தோல் நோய்த் துறையில் முதுநிலை படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி: “மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் பயாப்ஸிகளை வைத்து ஆய்வேடு எழுத நினைக்கிறேன். சிங்கிள் செல் சீக்வென்சிங் செய்தாலே கட்டிக்குள் என்னென்ன செல்கள் இருக்கின்றன என்று தெரிந்துவிடுமே, அப்புறம் எதற்கு ஸ்பேஷியல் முறைகள்? இரண்டும் சேர்ந்து இதுவரை புதிதாக என்ன சொல்லியிருக்கின்றன? இதனால் நோயாளிக்கு ஏதாவது பயன் உண்டா?”

முதலில் சொற்கள். மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்பது டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணு புற்றாகித் தோலில் வரும் லிம்போமா. சிங்கிள் செல் சீக்வென்சிங் திசுவைப் பிரித்து ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவையும் தனியாகப் படிக்கும். ஸ்பேஷியல் முறைகள் திசுவைக் கலைக்காமல், எது எங்கே நிற்கிறது என்று காட்டும். இனி கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்குமான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பிடி-1 என்பது டி செல்லின் வேகத்தை அடக்கும் பிரேக் போன்ற புரதம். பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 தடுப்பு மருந்தை, ஏற்கெனவே வேறு சிகிச்சைகளுக்கு அடங்காத மைகோசிஸ் ஃபங்காய்டிஸ், செசாரி சிண்ட்ரோம் (அதே குடும்பத்தில் இரத்தத்திலும் பரவும் வகை) நோயாளிகள் 24 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020இல் வந்தது: 9 பேருக்கு மருந்து கேட்டது. மற்றவர்களுக்கு ஏன் கேட்கவில்லை? அந்தச் சோதனையில் இருந்த 14 பேரின் தோல் பயாப்ஸிகளை எடுத்து, கோடெக்ஸ் என்ற முறையில் ஸ்டான்ஃபோர்டு குழு ஆராய்ந்தது. ஒரே வெட்டுத் துண்டில் டஜன் கணக்கான புரதங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாயமேற்றிப் படமெடுக்கும் முறை அது. முதலில் எண்ணிப் பார்த்தார்கள். கட்டிச் செல்கள் (புற்றாகிவிட்ட டி செல்கள்) எத்தனை, உதவி டி செல்கள் எத்தனை, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ட்ரெக் செல்கள் எத்தனை என்று. மருந்து கேட்டவர், கேட்காதவர் இரு தரப்பிலும் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை.

பிறகு தூரத்தை அளந்தார்கள். பிடி-1 தாங்கிய ஒவ்வொரு சிடி4 (உதவி வகை) டி செல்லுக்கும் மிக அருகில் இருக்கும் கட்டிச் செல் எவ்வளவு தூரம், மிக அருகில் இருக்கும் ட்ரெக் எவ்வளவு தூரம், இரண்டுக்கும் என்ன விகிதம்? அங்கேதான் வித்தியாசம் இருந்தது. மருந்து கேட்டவர்களின் தோலில் அந்தச் சிடி4 செல்கள் ட்ரெக்கைவிடக் கட்டிச் செல்லுக்கு நெருக்கமாக நின்றன. கேட்காதவர்களின் தோலில் அதே செல்கள் ட்ரெக்கின் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஸ்பேஷியல் ஸ்கோர் என்று அவர்கள் பெயரிட்ட இந்த விகிதம் 2021இல் வெளியானது. ஆள்கணக்கு ஒன்று, ஆள் நிற்கும் இடம் வேறு. சிங்கிள் செல் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

சரி, இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். தோலில் வரும் லிம்போமாக்களில் பெரும்பாலானவை டி செல் வகை. அதில் அதிகம் காணப்படுவது மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். பெயரைக் கேட்டால் பூஞ்சை நோய் மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் அலிபேர் என்ற மருத்துவர், உடம்பில் காளான் போலக் கட்டிகள் முளைத்த ஒரு நோயாளியை விவரித்தார். அந்தப் பெயர் இருநூறு ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டே வருகிறது. தட்டையான திட்டு, தடித்த திட்டு, கட்டி என்று மூன்று படிகளில் போகும் நோய் இது. பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே பல ஆண்டுகள் இருந்துவிடுகிறார்கள். தொடக்க நிலை நோயாளிகளைப் பதிவுசெய்த ஒரு பன்னாட்டு ஆய்வில், அறிகுறி தோன்றி நோய் உறுதியாவதற்கு ஆன இடைநிலைக் காலம் 36 மாதம். மூன்று வருடம் எக்ஸிமா என்றோ சொரியாசிஸ் என்றோ களிம்பு போட்டுக்கொண்டிருப்பார்கள். மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நுண்ணோக்கியிலேயே இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

ஏன் அப்படி? நுரையீரல் கட்டியில் புற்று செல் எபிதீலியல் வகை, காவல் செல் டி செல். யார் எதிரி, யார் காவல் என்று உருவத்திலேயே தெரியும். இங்கே எதிரியும் டி செல், காவலும் டி செல். அதுவும் தோலில் டி செல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆரோக்கியமான ஒரு மனிதரின் தோலில் மட்டும் சுமார் 2,000 கோடி டி செல்கள் இருப்பதாகக் கணக்கு. இரத்தத்தில் ஓடுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தொடக்க நிலைத் திட்டில் கெட்ட செல் சிறுபான்மைதான். சுற்றி நிற்பவை பெரும்பாலும் அதை எதிர்க்கவோ, வேடிக்கை பார்க்கவோ வந்தவை. திருவிழாக் கூட்டத்தில் காக்கிச் சட்டை போட்ட திருடனைத் தேடுகிற கதை.

அந்தத் திருடனை அடையாளம் காட்டுவதுதான் சிங்கிள் செல் முறையின் முதல் உபகாரம். ஒவ்வொரு டி செல்லும் தைமஸில் உருவாகும்போது தன் ரிசெப்டர் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து ஒரு வரிசையில் அடுக்கிக்கொள்கிறது. அந்த வரிசை அதன் வாரிசுகள் அத்தனைக்கும் அப்படியே போகும். சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், குலதெய்வம் எது என்று கேட்டால் யார் யாருக்குப் பங்காளி என்று தெரிந்துவிடும் அல்லவா, அதுபோல. டிசிஆர் என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த டி செல் ரிசெப்டரின் வரிசையைப் படித்தால் ஒரே தாய் செல்லிலிருந்து வந்த பங்காளிகள் அத்தனை பேரும் தெரிந்துவிடுவார்கள். தோலை மொத்தமாக அரைத்து டிசிஆர் மட்டும் படித்தாலே கூட இதற்குப் பயன் உண்டு. தொடக்க நிலை மைகோசிஸ் ஃபங்காய்டிஸில், தோலின் டி செல்களில் கட்டிக் குலத்தின் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டினால் நோய் முற்றும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது என்று 2018இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் அந்த முறையில் குலம் மட்டும்தான் தெரியும், அந்தக் குலத்துக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. சிங்கிள் செல்லில் ஒரே செல்லின் டிசிஆரும் அதன் ஆர்என்ஏ முழுவதும் சேர்ந்து கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பெரிய குலம் என்றாலே கெட்ட குலம் இல்லை. ஒரு வைரஸை எதிர்த்துப் பெருகிய நல்ல சிடி8 (கொல்லும் வகை டி செல்) குலமும் பெரிதாகத்தான் இருக்கும். அதனால் டிசிஆரோடு நிறுத்தாமல், ஆர்என்ஏ அளவுகளிலிருந்து குரோமோசோம் துண்டுகள் கூடியிருக்கின்றனவா, தொலைந்திருக்கின்றனவா என்று ஊகிக்கும் கணக்கையும் செய்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே அதைக் கட்டிச் செல் என்று எழுதுங்கள்.

சிங்கிள் செல் ஆய்வுகள் இந்த நோயில் சூடுபிடித்தது 2018, 2019 வாக்கில். பிட்ஸ்பர்க் குழு 2019இல் முற்றிய நோயாளிகள் 5 பேரின் தோல் கட்டிகளைப் பிரித்துப் பார்த்தது. ஆரோக்கியமானவர்களின் லிம்போசைட்டுகள் ஒருவருக்கொருவர் ஒத்திருந்தன, கட்டிச் செல்களோ ஆளுக்கு ஒரு விதமாக இருந்தன. சுற்றியிருந்த நல்ல டி செல்களில் பல, பிடி-1 போன்ற குறிகளைத் தாங்கிச் சோர்ந்துபோன நிலையில் இருந்தன. அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஒருவருடைய நோய் இன்னொருவருடையதைப் போல இருக்காது என்று மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதன்பிறகு எண்களாகக் கண்முன்னே வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், ஒரே நோயாளியின் ஒரே குலம் இரத்தத்தில் ஒரு மாதிரியும் தோலில் வேறு மாதிரியும் மரபணுக்களை இயக்குகிறது என்பதும் தெரிந்தது. ஊர் மாறினால் பேச்சு மாறுவதுபோல.

இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. மொகமுலிசுமாப் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிச் செல்லின் மேல் இருக்கும் சிசிஆர்4 என்ற புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள் அது, 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 372 பேரை வைத்து நடந்த சோதனையில், இந்த மருந்து எடுத்தவர்களில் இரத்தத்தில் நோய் இருந்தோரில் 68 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் பலன், தோலில் பலன் 42 சதவீதம், நிணநீர் முடிச்சில் வெறும் 17. ஒரே மருந்து, ஒரே குலம், இடத்துக்கு இடம் பலன் வேறு. அந்தந்த இடத்தின் அக்கம்பக்கத்தைப் பார்க்காமல் இதை விளக்க முடியாது. போதாக்குறைக்கு சிசிஆர்4 ட்ரெக்கின் மேலும் இருக்கிறது. அதனால் மருந்து ட்ரெக்கையும் சேர்த்தே அழிக்கிறது, சிலருக்குப் புதிதாகத் தடிப்பு வருகிறது, அது நோய் திரும்பியதா மருந்தின் விளைவா என்று மறுபடியும் பயாப்ஸி எடுக்க வேண்டியிருக்கிறது.

பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2022இல் 15 நோயாளிகளின் 19 தோல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு, கட்டிச் செல்லின் குணமும் அக்கம்பக்கமும் சேர்ந்தே மாறுகின்றன என்று காட்டியது. ஒரு வகையில் கட்டிச் செல்கள் கொல்லும் தன்மையுள்ள நினைவு டி செல் போல நடந்துகொள்கின்றன, அவற்றைச் சுற்றி எம்2 வகை மேக்ரோஃபேஜ்கள் (அழற்சியைத் தணிக்கும் விழுங்கு செல்கள்) கூடுகின்றன. இன்னொரு வகையில் அவை மைய நினைவு டி செல் போல இருக்கின்றன, சுற்றிலும் ஓய்ந்துபோன சிடி8 செல்கள், எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள், ட்ரெக்குகள். இரண்டாவது வகை நோயாளிகளின் நிலைமைதான் மோசம். கட்டிச் செல் தனக்கேற்ற அக்கம்பக்கத்தைச் சேர்த்துக்கொள்கிறதா, அக்கம்பக்கம் கட்டிச் செல்லை அப்படி மாற்றுகிறதா? என் கணிப்பு, இரண்டும் நடக்கிறது என்பதுதான். ஆனால் ஒரு தடவை எடுத்த பயாப்ஸி ஒரு நிழற்படம்தான், எது முன்னே எது பின்னே என்று அது சொல்லாது. ஒரே நோயாளியிடம் காலம் விட்டு மறுபடி எடுத்த பயாப்ஸிகள்தான் இதைச் சொல்லும்.

இப்போது சிங்கிள் செல் முறை எதையெல்லாம் தொலைக்கிறது என்று பார்ப்போம். தோல் கெட்டியான திசு. அதைத் தனித்தனிச் செல்லாக்க கொலாஜினேஸ் போன்ற நொதிகளில் ஊறவைத்து, 37 டிகிரியில் வைத்து, வடிகட்ட வேண்டும். இந்தப் பாடுபடுத்தலில் செல்கள் மிரண்டுபோய் ஃபாஸ், ஜூன் போன்ற மரபணுக்களைக் கண்டபடி இயக்கும். அதை நோயின் குணம் என்று எழுதிவிட்ட கட்டுரைகளும் உண்டு. மேல்தோலில் ஆழப் பதிந்தவை பிரிந்து வராது, கொழுப்புச் செல்கள் உடைந்துபோகும், நியூட்ரோஃபில்கள் பெரும்பாலும் காணாமல் போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு முகவரி. மைகோசிஸ் ஃபங்காய்டிஸின் அடையாளமே, கெட்ட டி செல்கள் மேல்தோலுக்குள் ஏறி, டென்ட்ரிடிக் செல்களை (டி செல்களுக்கு எதிரியைக் காட்டிக்கொடுக்கும் செல்கள்) சுற்றிக் கூடு கட்டுவதுதான். பாட்ரியே நுண்சீழ்க்கட்டி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள் (பெயர்தான் அப்படி, அதில் சீழ் ஒன்றும் கிடையாது). திசுவை நொதியில் போட்ட அந்த நிமிடமே அந்தக் கூடு கலைந்துவிடுகிறது.

ஸ்பேஷியல் முறைகள் அந்த முகவரியைக் காப்பாற்றுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு விலை கேட்கிறது. 2016இல் ஸ்டாக்ஹோம் குழு கண்ணாடித் தகட்டில் பார்கோடு புள்ளிகளைப் பதித்து, அதன்மேல் திசுவை வைத்து, எந்தப் புள்ளியில் எந்த ஆர்என்ஏ என்று படிக்கும் வழியைக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த விசியம் தகட்டில் புள்ளியின் விட்டம் 55 மைக்ரான். லிம்போசைட் ஒன்று 7 முதல் 10 மைக்ரான். அப்படியென்றால் ஒரு புள்ளிக்குள் பல செல்கள் இடித்துக்கொண்டு நிற்கும். கட்டிச் செல்லும் காவல் செல்லும் ஒரே இனமாக இருக்கும் நம் நோயில் இது சங்கடம். சிங்கிள் செல் தரவை வைத்து ஒவ்வொரு புள்ளியிலும் எது எவ்வளவு என்று பிரிக்கும் கணக்குகள் உண்டுதான். மேக்ரோஃபேஜையும் டி செல்லையும் அவை நன்றாகப் பிரிக்கும். கட்டி டி செல்லையும் நல்ல டி செல்லையும் பிரிக்கச் சொன்னால் தடுமாறும். பின்னால் வந்த விசியம் எச்டி 2 மைக்ரான் சதுரங்களாகப் படிக்கிறது. ஜீனியம், மெர்ஃபிஷ் போன்ற படமுறைகள் திசுவுக்குள்ளேயே ஒவ்வொரு ஆர்என்ஏ மூலக்கூற்றையும் புள்ளியாகப் பார்க்கின்றன, ஆனால் எந்த மரபணுக்கள் என்பதை நாம் முன்கூட்டியே பட்டியல் போட்டுத் தர வேண்டும். பட்டியலில் இல்லாதது கண்ணில் படாது. கோடெக்ஸ் புரதத்தைப் பார்க்கிறது, அங்கேயும் நல்ல எதிர்ப்பொருள் கிடைப்பதுதான் எல்லை.

ஒரு தந்திரம் உண்டு. நோயாளியின் கட்டிக் குலத்தின் டிசிஆர் வரிசையை முதலில் சிங்கிள் செல்லில் கண்டுபிடித்துவிட்டு, அந்த வரிசையோடு மட்டும் ஒட்டும் தனி ப்ரோப் (தேடுதுண்டு) செய்து திசுவில் தேடலாம். அல்லது குறைந்தபட்சம், அந்தக் குலத்தின் டிசிஆர் எந்த வி-பீட்டா குடும்பத்துத் துண்டைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து அந்தக் குடும்பத்தைச் சாயமேற்றலாம். ஆளுக்கு ஆள் புதிதாகச் செய்ய வேண்டும், வேலை அதிகம். ஆனால் யார் கட்டி, யார் காவல் என்ற சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

இரண்டு முறைகளையும் ஒன்றாக வைத்துச் செய்த பெரிய வேலை என்று நான் எடுத்துக்காட்டுவது 2024இல் நேச்சர் இம்யூனாலஜி ஆய்விதழில் வந்த அட்லஸ், அதாவது இந்த நோயின் செல் வரைபடத் தொகுப்பு. நியூகாசில், கேம்பிரிட்ஜ், வியன்னா ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. அவர்களின் புத்திசாலித்தனம் ஒப்பீட்டில் இருந்தது. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் தோலை ஆரோக்கியமான தோலோடு மட்டும் ஒப்பிடாமல், அழற்சி நோய்த் தோலோடும் சேர்த்து ஒப்பிட்டார்கள். அழற்சி எங்கிருந்தாலும் வரும் மாற்றம் எது, லிம்போமாவுக்கே உரிய மாற்றம் எது என்று அப்போதுதான் பிரியும். அவர்கள் கண்டது: கட்டிச் செல்கள் டிஎச்2 என்ற ஒவ்வாமை வகை உதவி செல்லின் நிரலைத் தமக்காகக் களவாடிக்கொண்டிருக்கின்றன. சில ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் (திசுவுக்குச் சட்டம் கட்டும் செல்கள்) டென்ட்ரிடிக் செல்களும், உதவி டி செல்லுக்குப் புரதத் துண்டுகளைக் காட்டும் எம்எச்சி-2 மூலக்கூறைத் தாங்கி நின்று அவற்றுக்குச் சோறு போடுகின்றன. கட்டிச் செல்களோடு பி செல்கள் கூடி, நிணநீர் முடிச்சின் சிறு நகல் போன்ற திரள்களை அமைக்கின்றன.

இந்த பி செல் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். மெலனோமா போன்ற பல கட்டிகளில் இப்படிப்பட்ட பி செல் திரள் இருந்தால் நல்ல சகுனம், இம்யூனோதெரபி கேட்கும் என்பார்கள். இங்கே தலைகீழ். பி செல்கள் கூடுவது நோய் முற்றுவதோடு சேர்ந்து வருகிறது, மூன்று தனித்தனி நோயாளித் தொகுப்புகளில் அதைச் சரிபார்த்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அந்தத் திரளின் வேலையே டி செல்லை உற்சாகப்படுத்துவது. மெலனோமாவில் உற்சாகமாகும் டி செல் நம் பக்கத்து ஆள். இங்கே எதிரியும் டி செல். காவல் நிலையத்துக்குப் போகிற சாப்பாட்டைத் திருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மற்ற புற்றுநோய்களில் கற்ற பாடத்தை இங்கே அப்படியே பெயர்த்து வைக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்னும் கசப்பான உதாரணம் பிடி-1. டி செல் லிம்போமாக்களில் பிடி-1 சில சமயம் புற்று வளராமல் தடுக்கும் பிரேக்காகவே வேலை செய்கிறது என்று 2017இல் எலிகளில் காட்டினார்கள். 2018இல், எச்டிஎல்வி-1 வைரஸால் வரும் முதிர்ந்தோர் டி செல் லுகேமியா-லிம்போமா நோயாளிகள் மூவருக்கு நிவோலுமாப் ஒரே ஒரு முறை கொடுத்ததும் நோய் தறிகெட்டு வேகமெடுத்தது. அதே வகை மருந்து மைகோசிஸ் ஃபங்காய்டிஸில் 24இல் 9 பேருக்குக் கேட்கிறது. பிடி-1 யார் மேல் இருக்கிறது, அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் இந்த மருந்தைத் தொடுவது ஆபத்து. ஸ்பேஷியல் ஸ்கோர் எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான். அந்தக் குழு, குறைவான சாயங்களை வைத்துச் செய்யும் எளிய படமுறையிலும் அதே முடிவைச் சரிபார்த்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் 14 பேரின் கதை. நாளைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.

டிஎச்2 விஷயமும் வெளிநோயாளர் பிரிவு வரை வருகிறது. நோய் முற்ற முற்ற, தோலில் டிஎச்1 (கிருமிகளையும் கட்டிகளையும் எதிர்க்கத் தூண்டும் உதவி செல்) குணம் மங்கி டிஎச்2 குணம் ஓங்குகிறது. ஐஎல்-4, ஐஎல்-13, அரிப்புக்குக் காரணமான ஐஎல்-31 என்ற சைகைப் புரதங்கள் எல்லாம் கூடுகின்றன. அதனால் ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டின் வேலையையும் தடுக்க எக்ஸிமாவுக்குக் கொடுக்கும் டுபிலுமாப், இந்த நோய்க்கும் உதவும் என்று தோன்றும். நடப்பது சில சமயம் எதிர்மாறாக இருக்கிறது. எக்ஸிமா என்று நினைத்து டுபிலுமாப் ஆரம்பித்து, பிறகு டி செல் லிம்போமா வெளிப்பட்ட நோயாளிகளைப் பற்றிப் பல அறிக்கைகள் வந்திருக்கின்றன. மறைந்திருந்தது வெளியே வந்ததா, மருந்து தள்ளிவிட்டதா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதிர்ந்த வயதில் புதிதாக எக்ஸிமா என்று வருபவருக்கு அந்த ஊசி போடும் முன் ஒரு பயாப்ஸி எடுத்துவிடுவது நல்லது. மருந்து ஆரம்பித்தும் அடங்கவில்லை என்றால் கட்டாயம்.

அக்கம்பக்கம் என்றால் மனித செல் மட்டும் இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இந்தத் தோலில் குடியேறி, தன் நச்சால் டி செல்களைக் கிளறிவிடுகிறது. கோபன்ஹேகன் குழு 2019இல், முற்றிய நோயாளிகள் 8 பேருக்குத் தீவிரமாக ஆன்டிபயாடிக் கொடுத்தபோது கட்டிச் செல்களின் பெருக்கமே குறைந்ததைக் காட்டியது. நம் ஸ்பேஷியல் முறைகள் பெரும்பாலும் மனித ஆர்என்ஏவை மட்டும் பிடிக்க வடிவமைத்தவை. பாக்டீரியா அந்த வரைபடத்தில் வெற்றிடமாகத்தான் தெரியும்.

இனி உங்கள் ஆய்வேட்டுக்கு வருகிறேன். சிங்கிள் செல் தரவைப் படமாகப் போட்டால் கட்டிச் செல்கள் எப்போதும் நோயாளிவாரியாகப் பிரிந்து நிற்கும், மற்ற செல்கள் நோயாளி பேதமில்லாமல் கலந்து நிற்கும். ஆரம்பத்தில் நானே செய்த தவறு, அந்தப் பிரிவைத் தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்து, மென்பொருளில் போட்டு எல்லாரையும் அழுத்தி ஒன்றாக்கியது. படம் அழகாக வந்தது. கட்டிச் செல்கள் நல்ல டி செல்களுக்குள் கரைந்தே போயின. இரண்டு வாரம் கழித்து டிசிஆரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நீங்கள் டிசிஆர் படிக்கும் கிட்டை முதல் நாளே வாங்கிவிடுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் மறுபடி பயாப்ஸிதான்.

ஜீனியம் போன்ற படங்களில் செல் எல்லை எங்கே என்று மென்பொருள் ஊகிக்கிறது. லிம்போசைட்டுகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் பக்கத்து வீட்டு ஆர்என்ஏ இந்த வீட்டுக் கணக்கில் ஏறிவிடும். டி செல்லின் சிடி3யும் பி செல்லின் சிடி20உம் ஒரே செல்லில் தெரிந்தால், புதுவகைச் செல் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளாமல், முதலில் அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். ஒரு நல்ல நோயியலாளரை உடன் உட்காரவைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. எச்&ஈ என்ற வழக்கமான நோயியல் சாயத்தில் ஐந்து நிமிடத்தில் அவர் சொல்வதை மென்பொருள் ஐந்து நாளில் சொல்லும், சில சமயம் தவறாகவும் சொல்லும்.

எந்தச் செல் எந்தச் செல்லோடு பேசுகிறது என்று அம்புக்குறி போட்டுத் தரும் நிரல்களை நம்பி ஒரு அத்தியாயமே எழுதிவிடாதீர்கள். அவை பார்ப்பது ஒரு செல்லில் லிகாண்டின் (செய்தி அனுப்பும் மூலக்கூறு) ஆர்என்ஏ, மற்றதில் ரிசெப்டரின் (அதை வாங்கும் புரதம்) ஆர்என்ஏ, அவ்வளவுதான். இரண்டு பேர் கையிலும் செல்போன் இருக்கிறது என்பதால் அவர்கள் பேசிக்கொண்டார்கள் என்று ஆகாது. இரண்டும் திசுவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவா என்று ஸ்பேஷியல் தரவில் பார்த்து, நின்றால் மட்டும் அந்த அம்பை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, 50,000 செல் இருந்தாலும் நோயாளி 6 பேர் என்றால் உங்கள் எண்ணிக்கை 6தான். செல்லை எண்ணி வரும் பி-வேல்யூ எப்போதும் பிரமாதமாக இருக்கும், அதில் மயங்க வேண்டாம்.

ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமான தோலை மட்டும் எடுக்காமல் எக்ஸிமா, சொரியாசிஸ் தோலையும் எடுங்கள். மருத்துவர் தடுமாறுவது அங்கேதான். முற்றிய கட்டிகளைவிடத் தொடக்க நிலைத் திட்டுகளை எடுத்தால் இன்னும் பயன். கட்டியில் செல் நிறையக் கிடைக்கும் என்பதால் எல்லாரும் அதையே எடுத்துவிட்டார்கள். திட்டிலிருந்து ஒரு பஞ்ச் பயாப்ஸி எடுத்தால் சில ஆயிரம் செல்தான் மிஞ்சும், கை நடுங்கும், பரவாயில்லை.

ஒரு யோசனை, நம் ஊரில் இருப்பதால் சொல்கிறேன். இந்த நோயில் நிறம் வெளுத்த திட்டாக வரும் ஒரு வகை உண்டு. கறுத்த, மாநிறத் தோல்களில்தான் அதிகம், இளம் வயதினரிடமும் குழந்தைகளிடமும் வருகிறது, பெரும்பாலும் சிடி8 செல் வகை, மெதுவாகப் போகிறது. நம் ஊரில் அது தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்ற வரிசையில் பார்க்கப்பட்ட பிறகே லிம்போமா என்று யாராவது யோசிப்பார்கள். நான் மேலே சொன்ன தரவுகள் ஐரோப்பா, அமெரிக்கா, சீனாவிலிருந்து வந்தவை, அவற்றில் இந்த வகைக்கு இடம் மிகக் குறைவு. ஏன் அது சாதுவாக இருக்கிறது, மெலனோசைட்டுகள் பக்கத்தில் அந்தச் சிடி8 செல்கள் என்ன செய்கின்றன என்பது அசல் ஸ்பேஷியல் கேள்வி. புது பயாப்ஸிக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. ஜீனியம், விசியம் எச்டி இரண்டும் ஃபார்மலினில் பதப்படுத்திய பாரஃபின் பிளாக்கிலேயே வேலை செய்யும். உங்கள் நோயியல் துறை அலமாரியில் பத்து வருடப் பிளாக்குகள் இருக்கும். நெறிமுறைக் குழு அனுமதியை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு வெட்டி, முதலில் ஆர்என்ஏ எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று டிவி200 அளவை (200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள ஆர்என்ஏ துண்டுகளின் சதவீதம்) பாருங்கள். பழைய பிளாக்கில் பாதி அங்கேயே கழிந்துவிடும், மீதியை வைத்து ஆரம்பிக்கலாம்.